கெட்: பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துப் பழகுங்கள்

என் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண் ஒரு நாள் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். துணிக்கடையில் வேலை. பகல் முழுக்க நின்றுவிட்டு ஏழு மணிக்கு இங்கிலீஷ் படிக்க வருகிறவர். நோட்டில் 'கெட்' என்று தலைப்புப் போட்டு, அகராதியைப் பார்த்து 27 அர்த்தங்களை வரிசை எண்ணோடு எழுதியிருந்தார். "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன் சார். ஆனா பேசறப்ப ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார்.

நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, தமிழில் 'போடு' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். சட்டை போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், கோலம் போடுகிறோம். ஊசி போடுகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். கையெழுத்துப் போடு, கணக்குப் போடு, குப்பையில் போடு. ஐந்து நிமிடத்தில் வகுப்பே சேர்ந்து இருபதைத் தாண்டிவிட்டது. இதில் ஒன்றையாவது யாராவது பட்டியல் போட்டுப் படித்தோமா? இல்லை. 'போடு'வுக்குப் பக்கத்தில் ஊசி நின்றால் ஒரு வேலை, கோலம் நின்றால் வேறு வேலை என்று காது தானாகப் பழகிவிட்டது.

இங்கிலீஷில் 'கெட்' அப்படிப்பட்ட சொல்தான். அதைத் தனியாக வைத்துக்கொண்டு அர்த்தம் தேடினால் கை நழுவும். அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் பிடிபடும். கீழே உள்ளதை ஒரே நாளில் படித்து முடிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வடிவமும் ஒலியும்

ஜி, ஈ, டி என்ற மூன்று எழுத்து. 'கணபதி' என்று சொல்லும்போது தொண்டையில் அழுந்தி வரும் 'க' இருக்கிறதே, அதுதான் இதன் முதல் ஒலி. இறந்த காலம் 'காட்'. பிரிட்டனில் மூன்றாம் வடிவமும், அதாவது பள்ளியில் 'வி த்ரீ' என்று சொல்லித் தந்தார்களே அதுவும், 'காட்'தான். அமெரிக்காவில் மூன்றாம் வடிவம் பெரும்பாலும் 'காட்டன்'. இரண்டும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

இந்தச் சொல் இங்கிலீஷுக்கே வெளியிலிருந்து வந்தது. வட ஐரோப்பாவிலிருந்து கடல் வழியாக வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் என்ற மக்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் ஏறிய சொல் இது. அதே வேரில் பிறந்து ஆங்கிலத்தில் முன்பே இருந்த சொந்தக்காரச் சொல்தான் மறப்பதைக் குறிக்கும் 'ஃபர்கெட்'. அதன் மூன்றாம் வடிவம் 'ஃபர்காட்டன்' என்று இன்றைக்கும் எல்லா நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்கக் 'காட்டன்' புதிதாக முளைத்தது இல்லை, பழையதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும்.

காதுக்கு ஒரு குறிப்பு. பேச்சில் இந்தச் சொல் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'கெட் அப்' என்பது 'கெட்டப்' என்றும், அமெரிக்க வாயில் கிட்டத்தட்ட 'கெடப்' என்றும் கேட்கும். 'காட் டு' என்பது 'காடா' ஆகிவிடும். படத்தில் ஏதோ புதுச் சொல் வருகிறது என்று நினைத்திருப்பீர்கள். பழைய ஆள்தான்.

இரண்டாம் படி: பக்கத்தில் ஒரு பொருள் நின்றால்

'ஐ காட் எ ஜாப்.' எனக்கு வேலை கிடைத்தது. 'ஐ காட் எ லெட்டர்.' எனக்குக் கடிதம் வந்தது. 'ஐ காட் திஸ் சாரி இன் காஞ்சிபுரம்.' இந்தச் சேலையைக் காஞ்சிபுரத்தில் வாங்கினேன். 'கெட் மீ சம் வாட்டர்.' கொஞ்சம் தண்ணீர் கொண்டுவா. கிடை, வா, வாங்கு, கொண்டுவா என்று தமிழ் நான்காகப் பிரிக்கிற இடத்தில் இங்கிலீஷ் ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறது. பொருள் எப்படியோ என் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்கு முக்கியம்.

இங்கே நம் ஆட்கள் தடுக்கி விழுவது அர்த்தத்தில் இல்லை, ஆளை வைக்கும் இடத்தில். தமிழில் 'வேலை' கிடைத்தது. நான் 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறேன். இங்கிலீஷில் நான்தான் எழுவாய், 'ஐ' என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். இது தெரியாததால்தான் 'இது எங்கே கிடைக்கும்?' என்பதை 'வேர் வில் இட் கெட்?' என்று கேட்கிறோம். கேட்பவருக்கு, அந்தப் பொருள் எதையோ வாங்கப் போகிறது என்பதுபோல் இருக்கும். 'வேர் கேன் ஐ கெட் இட்?' என்று கேளுங்கள். 'இங்கே கிடைக்காது' என்பதற்கு 'யூ காண்ட் கெட் இட் ஹியர்.' தமிழில் ஆளே இல்லாத வாக்கியத்திலும் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் பாதித் தவறு போய்விடும்.

பொருளுக்குப் பதில் பேச்சோ கருத்தோ நின்றால் 'புரிந்தது' என்று அர்த்தம். 'ஐ கெட் இட்', புரிகிறது. 'ஐ டிட்ன்ட் கெட் தட்', நீங்கள் சொன்னது பிடிபடவில்லை. நம்மூர் அலுவலகங்களில் 'ஐ ஆம் நாட் கெட்டிங் யூ' என்று சொல்வது வழக்கம். இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது 'ஐ டிட்ன்ட் கெட் தட்' என்பதே இயல்பு.

மூன்றாம் படி: பக்கத்தில் தன்மைச் சொல் நின்றால்

டயர்ட், ஆங்க்ரி, வெட், டார்க், லேட் மாதிரியான அட்ஜெக்டிவ் வந்தால், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது என்று அர்த்தம். 'இட் இஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. 'இட் இஸ் கெட்டிங் லேட்', நேரமாகிறது. 'ஐ காட் வெட்', நனைந்துவிட்டேன். 'ஷீ காட் ஆங்க்ரி', அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தமிழில் கோபம் 'வருகிறது', தூக்கம் 'வருகிறது', சந்தேகம் 'வருகிறது'. அந்த 'வருகிறது'தான் 'ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்', 'ஐ ஆம் கெட்டிங் ஆங்கர்' என்று நம் வாயில் வந்து விழுகிறது. 'ஸ்லீப்' தூக்கம், பெயர்ச்சொல். இங்கே வேண்டியது தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆளின் தன்மை: 'ஸ்லீப்பி'. எனவே 'ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி', 'ஐ ஆம் கெட்டிங் ஆங்க்ரி', 'ஐ ஆம் கெட்டிங் ஹங்க்ரி'. சந்தேகத்துக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். வகுப்பில் கேட்க வேண்டியது இருந்தால் 'ஐ ஹேவ் எ கொஸ்டியன்' என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே ஓர் எழுத்து அர்த்தத்தையே புரட்டிப் போடும் இடம் ஒன்று உண்டு. 'ஐ காட் கோல்ட்' என்றால் எனக்குக் குளிர் எடுத்தது. 'ஐ காட் எ கோல்ட்' என்றால் எனக்குச் சளி பிடித்துவிட்டது. நடுவில் இருக்கிற அந்த 'எ' வந்ததும் 'கோல்ட்' தன்மையாக இருந்தது போய் ஒரு பொருளாகிவிடுகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்துவிட்டோம்.

நான்காம் படி: பக்கத்தில் இடம் நின்றால்

போய்ச் சேர்வது. 'ஐ காட் டு தி ஸ்டேஷன் அட் சிக்ஸ்', ஆறு மணிக்கு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன். இடத்துக்கு முன்னால் 'டு' வேண்டும். ஹோம், ஹியர், தேர் இந்த மூன்றுக்கும் 'டு' வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா சொல்வாரே, 'வீட்டுக்குப் போனதும் ஒரு போன் பண்ணு' என்று, அதுதான் 'கால் மீ வென் யூ கெட் ஹோம்.' போகப்போவது இனிமேல்தான் என்றாலும் 'வென்' வந்த பிறகு 'வில்' போடக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே மனதில் வைத்துக்கொண்டால் இதுபோன்ற நூறு வாக்கியத்துக்கு அது அச்சு.

ஐந்தாம் படி: வண்டி ஏற, இறங்க

பஸ், ரயில், விமானம், கப்பல் இவற்றில் ஏற 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ, டாக்சி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. உள்ளே நிமிர்ந்து நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்', குனிந்து நுழைந்து உட்காருகிற வண்டிக்கு 'இன்' என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். சைக்கிள், பைக், குதிரை மாதிரி மேலே ஏறி உட்காருவதற்கும் 'ஆன்'தான்.

'கெட் டவுன்' பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'இறங்கு' என்பதில் கீழே என்ற நினைப்பு இருப்பதால் நாம் 'ஐ வில் கெட் டவுன் அட் தாம்பரம்' என்கிறோம். கண்டக்டருக்கும் பக்கத்து சீட்காரருக்கும் புரியும், இங்கே அதில் குறையில்லை. ஆனால் லண்டன் பஸ்ஸிலோ நியூயார்க் ரயிலிலோ 'கெட் டவுன்!' என்று சத்தமாகச் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் தலையைத் தாழ்த்திக் குனிவார்கள். அங்கே அது ஆபத்து நேரத்தில் 'குனி, கீழே படு' என்பதற்கான சொல். மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்கத்தான் 'கெட் டவுன்'. பஸ்ஸுக்கு 'கெட் ஆஃப்'.

ஆறாம் படி: நாம் செய்யாமல் பிறரைக் கொண்டு செய்வது

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்களும் விடுகிற இடம்.

'நேற்று முடி வெட்டினேன்' என்று தமிழில் சொன்னால், சலூனில் போய் உட்கார்ந்தேன் என்று யாருக்கும் புரியும். 'வீடு கட்டினேன்' என்றால் கொத்தனார் கட்டினார், நான் காசு கொடுத்தேன். 'எக்ஸ்ரே எடுத்தேன்' என்றால் எனக்கு எடுத்தார்கள். யார் கை வேலை செய்தது என்பதைத் தமிழ் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. இங்கிலீஷ் விடாது. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கண்ணாடி முன்னால் நின்று நானே கத்தரிக்கோல் பிடித்தேன்.

வெளிநாட்டில் முதியோர் இல்ல வேலைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர் வகுப்புக்கு வந்தார். நேர்காணலில், மருத்துவப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். 'ஐ டுக் தி எக்ஸ்ரே லாஸ்ட் வீக்' என்று பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த கேள்வி, எக்ஸ்ரே இயந்திரத்தில் எத்தனை வருட அனுபவம் என்று வந்ததாம். அவர் பயந்துபோய், இனி வேலை கிடைக்காது என்றே முடிவுகட்டி வந்து உட்கார்ந்தார். அவர் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: 'ஐ காட் அன் எக்ஸ்ரே டன் லாஸ்ட் வீக்.'

அச்சு இது: கெட், அதன் பின் பொருள், அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை ஹேர் கட்.' 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.' 'வி காட் தி ஹவுஸ் பெயின்டட்.' 'ஐ நீட் டு கெட் மை பிளட் டெஸ்டட்.' பொருள் நடுவில் நிற்க வேண்டும், அதுதான் உயிர். கொஞ்சம் இடம் மாறி 'ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்' என்று வந்தால் வாக்கியம் உடைந்துவிடும்.

செய்கிற ஆளையும் சொல்ல வேண்டும் என்றால் அச்சு சற்று மாறும்: கெட், ஆள், 'டு', வினை. 'ஐ காட் தி எலக்ட்ரீஷியன் டு செக் தி ஃபேன்', எலக்ட்ரீஷியனை விட்டு ஃபேனைப் பார்க்கச் சொன்னேன். 'ஷீ காட் ஹெர் ஃபாதர் டு அக்ரீ', அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். தமிழில் 'வைத்தேன்' என்று முடிகிற இடங்களில் இது பொருந்தும். ஆனால் 'சாப்பிட வைத்தேன்' என்பதில் கெஞ்சியும் இருக்கலாம், மிரட்டியும் இருக்கலாம். இங்கிலீஷில் நிலாவைக் காட்டி, கதை சொல்லி ஊட்டியது 'ஐ காட் ஹிம் டு ஈட்'. அதட்டி ஊட்டியது 'ஐ மேட் ஹிம் ஈட்'. இரண்டாவதில் 'டு' கிடையாது.

ஏழாம் படி: நமக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்

கெட்டுக்கு அடுத்து நேராக மூன்றாம் வடிவம் வந்தால், நமக்கு ஏதோ நடந்துவிட்டது. 'ஹீ காட் காட்' என்பதில் இரண்டாவது 'காட்' வேறு; அது 'கேட்ச்' என்பதன் மூன்றாம் வடிவம். அவன் மாட்டிக்கொண்டான். 'ஷீ காட் ஹர்ட்', அவளுக்கு அடிபட்டது. 'ஹீ காட் ப்ரமோட்டட்', அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

கல்யாணமும் இந்த அச்சில்தான்: 'தே காட் மேரீட் இன் 2019'. யாரோடு என்று சொல்லும்போது தமிழின் 'உடன்' நம்மை 'வித்' போட வைக்கும். அங்கே 'டு'தான் வரும். 'ஷீ காட் மேரீட் டு எ டாக்டர்.'

'வி காட் லாஸ்ட்' என்றால் வழி தவறிவிட்டோம். 'கெட் லாஸ்ட்!' என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் திட்டு. இதற்கு விளக்கமே வேண்டாம், 'தொலைந்து போய்விட்டோம்', 'தொலைந்து போ' இரண்டும் நம்மிடமே இருக்கின்றன.

எட்டாம் படி: மூன்று 'டு'க்கள்

நான்காம் படியில் 'டு'வுக்குப் பின் இடம் வந்தது. 'டு'வுக்குப் பின் வினை வந்தால் வாய்ப்புக் கிடைத்தது என்று பொருள். 'ஐ காட் டு சீ தி சீ', கடலைப் பார்க்கக் கிடைத்தது. முன்னால் ஒரு 'ஹேவ்' சேர்ந்துவிட்டால் கட்டாயம் ஆகிவிடும்: 'ஐ ஹேவ் காட் டு சீ எ டாக்டர்', டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பேச்சில் அந்த 'ஹேவ்' சுருங்கி ஒரு 'வ்' ஆகிவிடும், சில நேரம் காதிலேயே விழாது. அப்போது முகத்தையும் சூழ்நிலையையும் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

'ஹேவ் காட்' மட்டும் தனியாக வந்தால் 'இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்', எனக்கு இரண்டு சகோதரர்கள். கிடைத்தது, வாங்கினது எதுவும் அதில் இல்லை.

எங்கே விட்டுவிடலாம்

கெட் வீட்டுச் சொல், தெருச் சொல், நண்பர்களிடம் பேசும் சொல். விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததற்கு 'ரிசீவ்', முயன்று பெற்றதற்கு 'அப்டெய்ன்', ஆனதற்கு 'பிகம்', போய்ச் சேர்ந்ததற்கு 'அரைவ்'. 'ஐ காட் யுவர் லெட்டர்' என்று நண்பருக்கு எழுதலாம். வங்கி மேலாளருக்கு 'ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்'. ஆறாம் படி அச்சு மட்டும் எங்கேயும் செல்லும். அதிகம் முறையாக வேண்டுமென்றால் கெட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் 'ஹேவ்' வையுங்கள்: 'ஐ ஹேட் தி டாக்குமென்ட்ஸ் அட்டெஸ்டட்.'

ஓவர், அலாங், பை, ரிட் என்று ஒட்டிக்கொண்டு வருபவை இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை இப்போது சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எதிர்ப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். 'கெட் அப்' மட்டும் இன்றே தேவை: அது படுக்கையை விட்டு எழுவது. கண் விழிப்பது 'வேக் அப்'. ஐந்து மணிக்கு விழித்து ஆறு மணி வரை புரண்டுகொண்டிருந்தால் இரண்டு சொல்லும் வேண்டும்.

பயிற்சி

அந்தத் துணிக்கடைப் பெண்ணின் நோட்டில் 27 வரிகளுக்குப் பதில் ஏழு பக்கம் ஒதுக்கினோம். பொருள், தன்மை, இடம், வண்டி, பிறர் செய்தது, நேர்ந்தது, டு. ஒவ்வொரு நாளும் கடையில் நடந்ததில் ஒன்றை எடுத்து, எந்தப் பக்கத்தில் சேரும் என்று பார்த்து அவரே ஒரு வாக்கியம் எழுதுவார். முதல் நாள் எழுதியது, ரவிக்கைத் துணியைத் தைக்கக் கொடுத்து வாங்கியது பற்றி: 'ஐ காட் மை பிளவுஸ் ஸ்டிச்ட்.' பொருள் நடுவில், வி த்ரீ கடைசியில். ஒரு திருத்தமும் வேண்டியிருக்கவில்லை.

நீங்களும் இந்தச் சின்னப் பத்தியை வாய்விட்டுப் படித்து, முதலில் வரும் 'காட் அப்' தவிர ஒவ்வொரு கெட்டும் எந்தப் பக்கம் என்று சொல்லிப் பாருங்கள்.

'ஐ காட் அப் லேட் டுடே. ஐ காட் டு தி பஸ் ஸ்டாப் அட் நைன். ஐ காட் ஆன் தி பஸ், பட் ஐ டிட்ன்ட் கெட் எ சீட். ஆன் தி வே ஹோம் ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட். இட் வாஸ் கெட்டிங் டார்க். இட் ரெய்ன்ட், அண்ட் ஐ காட் வெட். வென் ஐ காட் ஹோம், ஐ காட் மை பிரதர் டு மேக் சம் டீ.'

இன்று தாமதமாக எழுந்தேன். ஒன்பது மணிக்குப் பஸ் ஸ்டாப் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் ஏறினேன், ஆனால் சீட் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் போனைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கினேன். இருட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்து நனைந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தம்பியை டீ போட வைத்தேன்.